வரிகளுக்கு வெளியே உள்ளதையும் வாசிக்க: பிள்ளைகளுக்குப் பக்க உறுப்புகளைப் பழக்குவது எப்படி?

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீலகிரி மலை ரயிலைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "ரயில் பாதை உதகை வரை வந்த ஆண்டு எது? கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். விடை ஐந்தாம் பக்கத்துக் காலக்கோட்டில் கண்ணுக்கு நேராக இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் பாடவேளை முடிந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நாம் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததெல்லாம் கதைகளை வைத்துத்தான். கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகத்தான் படிக்க வேண்டும். தகவல் நூலில் அந்தக் கட்டாயம் கிடையாது. நமக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைப் பொறுத்து எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போகலாம். அப்படிப் போகலாம் என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஒரு பக்கத்தில் ஓடும் வரிகளைத் தவிர வேறு எத்தனையோ இருக்கின்றன. தலைப்பு, துணைத் தலைப்பு, பக்க எண், தடித்த எழுத்து, படம், படத்தின் அடியில் உள்ள படக்குறிப்பு, பாகங்களின் பெயர் குறித்த படம், நிலவரைபடம், அட்டவணை, காலக்கோடு, பெட்டிச்செய்தி, புத்தகத்தின் முன்னால் பொருளடக்கம், பின்னால் கலைச்சொற்களும் பொருளடைவும். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பக்க உறுப்புகள் என்று இங்கே சொல்கிறேன். சில உறுப்புகள் இடத்தைக் காட்டுகின்றன: நீ தேடுவது இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்கின்றன. மற்றவை வரிகள் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன. இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரியவர்களே மறந்துவிடுகிறோம். படத்தை அழகுக்கு வைத்தது என்று நினைத்துப் புரட்டிவிடுகிறோம்.

இவற்றைக் கற்பிக்கும்போது பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எதிரே விளக்கத்தையும் எழுதிப் போட்டு, பிறகு தேர்வில் 'பொருத்துக' என்று கேட்பது வழக்கம். பொருளடக்கம் என்றால் என்ன என்று பிழையில்லாமல் எழுதிய மாணவி, நூலகத்தில் யானையைப் பற்றிய பக்கத்தைத் தேடும்போது பொருளடக்கத்தைத் திறப்பதே இல்லை. அதனால் பெயர் பிறகு வரட்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு கேள்வி வர வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை அந்த உறுப்பில் மட்டுமே இருக்க வேண்டும். வரிகளை எத்தனை முறை வாசித்தாலும் கிடைக்காத விடையைப் படக்குறிப்பில் கண்டெடுத்த பிள்ளை, அடுத்த முறை படக்குறிப்பைத் தாண்டிப் போகாது.

மலை ரயிலைப் பற்றி எட்டுப் பக்கம்

மேலே சொன்ன மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் கூவல் பழகிய ஒன்று. ஏறிப் போகாதவர்கள்கூட நின்று கையசைத்திருப்பார்கள். அதைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு நூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரே எழுதித் தைத்ததாகவும் இருக்கலாம்.

வரிகளை வாசிப்பதற்கு முன்பே துணைத் தலைப்புகளை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கச் சொல்லுங்கள். 'மலையில் பாதை வந்தது', 'பல்சக்கரம் ஏன்?', 'பாலங்களும் சுரங்கங்களும்', 'வழியில் உள்ள நிலையங்கள்'. பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப் பலகையைப் பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை. துணைத் தலைப்பும் அந்தப் பலகைதான். ஒவ்வொரு தலைப்பையும் பிள்ளைகளே கேள்வியாக மாற்றட்டும். 'பாலங்களும் சுரங்கங்களும்' என்பது 'மொத்தம் எத்தனை?' என்று ஆகும். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதிக்குள் போனால் 250 பாலங்கள், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள் என்ற எண்கள் தாமாகக் கண்ணில் படும். கேள்வி இல்லாமல் வாசிக்கிறவருக்கு அதே எண்கள் ஒரு வாக்கியத்துக்குள் மறைந்துபோகும்.

அடுத்து, படக்குறிப்பு. நூலில் ஒரு புகைப்படம்: காட்டுக்கு நடுவே நீலப் பெட்டிகள், அவற்றின் ஒரு முனையில் நீராவி இன்ஜின். படக்குறிப்பைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, "ரயில் மலை ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்று கேளுங்கள். இன்ஜின் எப்போதும் முன்னால்தான் இருக்கும் என்று பழகிய பிள்ளைகள், கீழ்ப்பக்கம் இன்ஜின் இருப்பதைப் பார்த்து "இறங்குகிறது" என்பார்கள். இப்போது காகிதத்தை எடுங்கள். 'கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயில். இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது' என்று அங்கே இருக்கும். படத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவு தலைகீழாகிவிட்டது. படக்குறிப்பு எதற்கு என்று இதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

ஏன் தள்ள வேண்டும், ஏன் பல்சக்கரம் என்பதற்கு விடை, பாகங்களின் பெயர் குறித்த படத்தில் இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர வேண்டியிருக்கிறது. அங்கே வழுவழுப்பான இரும்புச் சக்கரம் மட்டும் இருந்தால் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இதை வரியில் எழுதினால் நான்கு வாக்கியம் ஆகிறது, அப்போதும் மனத்தில் உருவம் வருவதில்லை. படத்தில் ஒரு கோடு, கோட்டின் முனையில் 'பல்சட்டம்'; இன்னொரு கோடு, முனையில் 'பல்சக்கரம்'. பிள்ளை விரலைப் பெயரில் வைத்து, கோட்டின் வழியே நகர்த்தி, பாகத்தில் கொண்டுபோய் நிறுத்தட்டும். இந்த விரல் பயிற்சியை அற்பமாக நினைக்க வேண்டாம். கோடு எதைத் தொடுகிறது என்று பார்க்காமல், பெயருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர்.

நீலகிரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் படுக மொழியோ பணியர் மொழியோ இருளர் மொழியோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் வாசிக்கும் பிள்ளைகள் இங்கே பலர். நீண்ட வாக்கியம் அவர்களை மிரட்டும். பெயர் குறித்த படம் மிரட்டாது. தெரிந்த பொருளின் மேல் தமிழ்ச்சொல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வரிகளுக்குள் போனால், அதே சொல் அங்கே வரும்போது பழகிய முகமாக இருக்கும். அதனால் இப்படிப்பட்ட வகுப்பில் படத்தில் தொடங்கி வரிக்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன்.

அட்டவணைக்கு வருவோம். மூன்று பத்தி, மூன்று வரிசை போதும்: நிலையம், மேட்டுப்பாளையத்திலிருந்து தூரம், கடல் மட்டத்திலிருந்து உயரம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர். குன்னூர் 28 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,700 மீட்டர். உதகை 46 கிலோமீட்டர், 2,203 மீட்டர். பிள்ளைகளுக்கு முதலில் ஒரு கையால் வரிசையையும் மறு கையால் பத்தியையும் பிடித்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தைத் தொடப் பழக்க வேண்டும். அது வந்துவிட்டால் நல்ல கேள்வி ஒன்றைப் போடலாம்: "பல்சட்டம் ஏன் குன்னூரோடு நின்றுவிடுகிறது?" இதற்கு விடை எந்த வரியிலும் எழுதப்படவில்லை. ஆனால் முதல் 28 கிலோமீட்டரில் ரயில் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏறுகிறது, அடுத்த 18 கிலோமீட்டரில் 500 மீட்டர்தான் ஏறுகிறது என்று கழித்துப் பார்த்த பிள்ளை விடையைத் தானே சொல்லிவிடும். நூலில் அச்சாகாத ஒன்றை நூலிலிருந்தே எடுத்த மகிழ்ச்சியை அப்போது அந்த முகத்தில் பார்க்கலாம்.

காலக்கோட்டில் ஆண்டுகளைப் படிப்பது எளிது. இடைவெளியைப் படிப்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. 1854இல் இப்படி ஒரு பாதை வேண்டும் என்ற யோசனை வந்தது. வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரை ரயில் ஓடியது 1899இல். உதகைக்கு வந்தது 1908இல். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005இல். முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 37 ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. "ஏன் இத்தனை காலம்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். மலையின் கடினத்தைப் பற்றிய பகுதியை அப்போது வாசிக்கச் சொல்லுங்கள்.

பெட்டிச்செய்தியைப் பற்றி ஒன்றே ஒன்று. பத்தியின் நடுவே வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, பக்கத்தில் பெட்டி வந்ததும் அதற்குள் தாவிவிட்டு, திரும்பி வரும் இடம் தெரியாமல் தடுமாறும். பத்தியை முடித்துவிட்டுப் பெட்டிக்குப் போ என்று சொல்லிவிட்டால் போதும்.

பழுப்பு நிறத்தில் நம் ஊர்

தமிழ்நாட்டின் இயற்கை அமைப்பைக் காட்டும் நிலவரைபடத்தை மலைப் பிள்ளைகளிடம் விரித்தால் ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். தஞ்சாவூர்ப் பக்கம் பச்சை, நீலகிரி பழுப்பு. "எங்கள் ஊர்தானே பச்சையாக இருக்கிறது? தேயிலை, சோலைக்காடு, புல்வெளி எல்லாம் இங்கேதானே? ஏன் பழுப்பு அடித்திருக்கிறார்கள்?"

வரைபடத்தின் மூலையில் 'குறிப்பு' என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதைப் பார்க்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அந்தப் பெட்டியில் பச்சைக்கு எதிரே தாழ்ந்த நிலத்தின் உயரமும், பழுப்புக்கு எதிரே உயர்ந்த நிலத்தின் உயரமும் எழுதியிருக்கும். இந்த வரைபடத்தில் நிறம் உயரத்தைச் சொல்கிறது, செடிகொடியைச் சொல்லவில்லை. காடுகளைக் காட்டும் வரைபடத்தை அடுத்து விரித்தால் நீலகிரி பச்சைக்கு மாறிவிடும். ஒரே இடம், இரண்டு நிறம், இரண்டும் சரி. குறிப்புப் பெட்டியைப் படிக்காமல் வரைபடத்தைப் படிக்கக் கூடாது என்பது அன்றைக்கே பதிந்துவிடும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா அந்த அடர் பழுப்புக்குள் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். முக்கோணக் குறி சிகரத்துக்கு உரியது என்பதையும் பிள்ளைகள் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

அளவைக்கும் நம் ரயிலே உதவும். நிலவரைபடத்தில் மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் நடுவே அளவுகோலை வைத்து, அளவைக் கோட்டோடு ஒப்பிட்டால் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அட்டவணையிலோ 46 கிலோமீட்டர் என்று இருந்தது. எது தவறு? இரண்டும் தவறில்லை. ஒரு நூலின் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்ததைப் பிள்ளைகளே இப்போது சேர்க்க வேண்டும்: வரைபடத்தின் நேர்கோடு, அட்டவணையின் பாதை நீளம், 'பாலங்களும் சுரங்கங்களும்' பகுதியில் வந்த 208 வளைவுகள். ஓர் உறுப்பை இன்னோர் உறுப்போடு உரசிப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குத் தகவல் நூலை வாசிக்க வந்துவிட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

கடைசிப் பக்கங்கள்

பொருளடக்கமும் பொருளடைவும் வேறு வேறு என்பது பெரியவர்களுக்கே குழப்பம். எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும் திருக்குறள் உரைநூலை எடுங்கள். முன்னால் அதிகாரங்களின் பட்டியல் இருக்கும்: கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு என்று தொடங்கி 133 அதிகாரங்கள், நூல் எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில். பின்னால் குறள் முதற்குறிப்பு அகராதி இருக்கும்: 1,330 குறள்களின் தொடக்கச் சொற்கள், அகரவரிசையில், எண்ணோடு. மழையைப் பற்றிய குறள்கள் வேண்டுமென்றால் முன்பக்கம் போக வேண்டும். 'கற்க கசடற' என்ற தொடக்கம் நினைவிருக்கிறது, எந்த அதிகாரம் என்று தெரியவில்லை என்றால் பின்பக்கம் போக வேண்டும். ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முன்பட்டியலை மட்டும், மற்றக் குழுவுக்குப் பின்பட்டியலை மட்டும் கொடுத்து ஒரே குறளைத் தேடச் சொன்னால், எந்தத் தேவைக்கு எது உதவும் என்பதை அவர்களே வாதிட்டு முடிவுசெய்வார்கள்.

பொருளடைவைப் பயன்படுத்த முதலில் அகரவரிசை கைவர வேண்டும். பிள்ளைகள் க, ங, ச, ஞ என்று பாட்டாக ஒப்பிப்பார்கள். ஆனால் ற, ன இரண்டும் வரிசையின் கடைசியில் இருப்பதைத் தேடும்போது மறந்துவிடுவார்கள். நீலகிரியைப் பற்றிய ஒரு நூலின் அடைவில் பனியைத் தேடுகிறார்கள் என்று வையுங்கள். 'பணியர்' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தில்தான் 'பனி' இருக்கும் என்று அங்கேயே சுற்றுவார்கள். அது பருவமழை, பழங்கள், பள்ளத்தாக்கு, பறவைகள் எல்லாம் கடந்து, பகர வரிசையின் வாலில் உட்கார்ந்திருக்கும். ண, ன வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லிச் சலித்த ஆசிரியர்களுக்கு இந்தத் தேடல் நல்ல துணை.

சில நேரம் அங்கேயும் இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உதகைப் புல்வெளிகளை வெள்ளையாக்கும் பனியை நூலாசிரியர் 'உறைபனி' என்ற சொல்லில் எழுதியிருப்பார். அது உகரத்தில் இருக்கும். தேடிய சொல் கிடைக்காவிட்டால் நூல் மூடப்பட வேண்டியதில்லை. அதே பொருளுக்கு வேறு என்ன சொல் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். நல்ல அடைவில் 'பனி: காண்க, உறைபனி' என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் 'காண்க' என்ற சொல் என்ன செய்யச் சொல்கிறது என்று காட்டிக்கொடுங்கள். கணினியில் தேடும்போதும் இதே யோசனைதான் அவர்களுக்குக் கைகொடுக்கப் போகிறது.

கலைச்சொல் பட்டியலுக்குத் தடித்த எழுத்துதான் அழைப்பு. பக்கத்தில் ஒரு சொல் தடித்து நின்றால், இதன் பொருளை வேறோர் இடத்தில் விளக்கியிருக்கிறோம் என்று பல நூல்கள் சொல்கின்றன. எல்லா நூலும் அல்ல. சிலவற்றில் அது முக்கியமான சொல் என்பதற்கு மட்டுமே தடிக்கும். எந்த நூலில் எப்படி என்று ஒரு சொல்லை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பாடநூல்களில் பொருளடக்கம் உண்டு, 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிகள் உண்டு, கலைச்சொற்கள் உண்டு, படங்கள் நிறைய உண்டு. பொருளடைவு பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழில் சிறுவர்களுக்காக வரும் தகவல் நூல்கள் பலவற்றிலும் அது இல்லை. பக்கத்தைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கிறது. பத்து வயதில் அடைவைப் பார்க்காத பிள்ளை, கல்லூரிக்குப் போன பிறகும் தடித்த நூலை முதல் பக்கத்திலிருந்து புரட்டும். பதிப்பாளர்கள் இரண்டு பக்கம் கூடுதலாகச் செலவிட்டால் பெரிய உதவி. அதுவரை கிளை நூலகத்தில் அடைவு உள்ள நூல்களைத் தேடிப் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவருவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

எந்த வயதில் எது என்று கேட்பவர்களுக்கு: முதல் இரண்டு வகுப்புகளில் அட்டை, தலைப்பு, பக்க எண், படம் போதும். மூன்றாம் வகுப்பில் பொருளடக்கம், துணைத் தலைப்பு, படக்குறிப்பு. நான்கு, ஐந்தில் மற்றவை. அடைவை ஐந்தாம் வகுப்புக்கு முன் கொண்டுவந்தால் அகரவரிசையிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளே எழுதும் நூல்

வாசித்துப் பழகியவற்றைத் தாங்களே உண்டாக்கும்போதுதான் அவை உறுதிப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளியில் அதற்குத் தேயிலையைவிட நல்ல பொருள் இல்லை. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்தச் செடி எழுத்துக்கு முன்பே தெரியும். ஒரு கொழுந்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள். நுனியில் மொட்டு, அதன் கீழே முதல் இலை, அதற்கும் கீழே இரண்டாம் இலை, பிறகு தண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

படக்குறிப்பு எழுதச் சொன்னால் முதலில் 'தேயிலை' என்று ஒற்றைச் சொல்லை எழுதுவார்கள். "அது படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றை எழுது" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் போகும். பிறகு, 'இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்துப் பறிப்பார்கள். கீழே உள்ள முற்றிய இலையை விட்டுவிடுவார்கள்' என்று வரும். பெயர் சொல்லும் குறிப்புக்கும் செய்தி சொல்லும் குறிப்புக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

பிறகு நூல் தானாக வளரும். ஒருவர் எஸ்டேட்டிலிருந்து பேக்டரிக்குப் போகும் வழியை வரைவார்; அதற்குக் குறிப்புப் பெட்டி வேண்டும். ஒருவர் வாடவிடுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று தேயிலைத் தூள் ஆகும் படிகளை அம்புக்குறி போட்டு எழுதுவார். இன்னொருவர் தோட்டத்துச் சொற்களுக்குப் பொருள் எழுதிக் கலைச்சொல் பட்டியல் தயாரிப்பார். வெளியூர்ப் பிள்ளை இதைப் படித்தால் எந்தச் சொல் புரியாது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்காகவே இந்த வேலையைச் சற்று மெதுவாக வாசிக்கும் பிள்ளையிடம் கொடுக்கலாம். அவருக்குத்தான் எங்கே தடுக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

அடைவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டுத் தாளைச் சிறு சீட்டுகளாக வெட்டி, ஒரு சீட்டுக்கு ஒரு சொல், அதன் பக்கத்தில் அது வரும் பக்க எண். சீட்டுகளைத் தரையில் பரப்பி அகரவரிசைப்படுத்திவிட்டுப் பிறகே தாளில் எழுத வேண்டும். நேராகத் தாளில் எழுதத் தொடங்கினால் விட்டுப்போன சொல்லை நுழைக்க இடம் இருக்காது. யாராவது நடுவில் ஒரு பக்கத்தைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால், பக்கங்களைத் தைத்து எண் போட்டு முடித்த பிறகே சீட்டு வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்த நூலைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்து, அடைவை மட்டும் வைத்து ஐந்து சொற்களைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காத சொல்லுக்கு உரிய சீட்டை, எழுதிய பிள்ளைகளே திருத்தட்டும்.